ஃபைலுக்குள் போன விண்ணப்பம்

முப்பத்தொரு வருடத்தில் நான் தொலைத்த ஃபைல் ஒன்றுகூட இல்லை. தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது அழகல்லதான். ஆனால் வேறு யாரும் புகழ்வதாகக் காணோமே, நான் என்ன செய்ய?

எங்கள் ஆஸ்பத்திரியில் தரைத்தளத்துக்கும் கீழே, மருந்துக் கிடங்குக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது ரெக்கார்டு ரூம். ஜன்னல் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை. நோயாளியின் எண்ணைச் சொன்னால் மூன்று நிமிடத்தில் ஃபைலை எடுத்து மேஜையில் வைப்பேன். டாக்டர்கள் என்னை ‘ஃபைல் அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு ஏதோ சொல்வார்கள். அது என் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிற அளவுக்கு அவர்களுக்கு பயம் உண்டு.

வார்டுகளிலிருந்து தினமும் ஒரு தள்ளுவண்டியில் பேப்பர் வரும். முழு ஃபைல்கள் பிரச்சினை இல்லை. ஃபைலைவிட்டுப் பிரிந்து தனியாக வரும் ஒற்றைத் தாள்கள்தான் உயிரை எடுக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே அறிக்கை, இன்னும் என்னென்னவோ. மேலே எந்த நோயாளியின் பெயர் இருக்கிறதோ அவருடைய ஃபைலில் கோத்து, ரெக்கார்டு ரூமின் தேதி முத்திரையைக் குத்தி, என் சுருக்கொப்பம் போட வேண்டும். அதை நான் யாரிடமும் விடுவதில்லை. தாளைப் படிக்கக் கூடாது, பெயரையும் எண்ணையும் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது நானே வகுத்த விதி. படிக்க ஆரம்பித்தால் வேலை நிற்கும், வம்பு வளரும். என்னிடம் வேலை பார்த்த பத்துப் பேருக்கு இந்த விதியைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அந்தக் குட்டு எனக்கே விழுந்தது.

எங்கள் நிர்வாக அதிகாரி போன வருடம் காலமானார். இருபத்திரண்டு வருடம் இந்த ஆஸ்பத்திரியை நடத்தியவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மூன்று மாடி ஏறி வந்தாவது தானே அணைப்பார். அதனால் அவருக்கு ‘ஸ்விட்ச் அம்மா’ என்று பெயர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். புது ஃபைல் அட்டை கேட்டால், பழைய அட்டையைத் திருப்பிப் போடு என்பார். “நோயாளி என்ன அட்டையையா சாப்பிடப் போறார்?” என்று ஒரு கேள்வி வேறு. மாதத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். மறுநாள் காலையில் படியிறங்கி வந்து, “என்ன, சூடு ஆறிடுச்சா?” என்று கேட்டுவிட்டு அடுத்த சண்டையைத் தொடங்குவார். கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஐந்தாம் மாடியில் பத்தொன்பது நாள் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அன்று நான் அழவில்லை. அடுத்த மாதம் சண்டை போட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அழுதேன், அதுவும் நன்றாக அழுதேன்.

சிலை வேண்டாம், படம் வேண்டாம், அவர் பெயரில் ஆண்டுக்கு ஒருவரைப் படிக்க வைப்போம் என்று பெரிய டாக்டர் சொன்னார். தேர்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தோம். ஊழியர்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட எந்தப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். படிப்புச் செலவு முழுக்க நினைவு உதவித்தொகையிலிருந்து வரும். விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெரிய கேள்வி: ‘மறைந்த நிர்வாக அதிகாரியிடமிருந்து நீங்கள் கற்றது என்ன?’

என் தங்கை மகள் விண்ணப்பித்தாள். பதினெட்டு வயது. பிசியோதெரபி படிக்க ஆசை. அவள் அப்பா வெளியூர் போகிறேன் என்று போனவர், போனவர்தான். பன்னிரண்டு வருடமாகத் தங்கையும் அவளும் என்னோடுதான் இருக்கிறார்கள். தங்கை தையல் வேலை செய்கிறாள். எனக்கென்று கல்யாணமோ குழந்தையோ இல்லை. அந்தப் பெண்தான் எனக்கு எல்லாம்.

அந்தப் பெரிய கேள்விக்கான பதிலை நான்தான் எழுதினேன். இப்போது ஒளிப்பதில் என்ன இருக்கிறது? அவள் ஸ்விட்ச் அம்மாவைப் பார்த்ததே இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அவள் பார்த்து எழுதினாள். தேர்வான ஆறு பேர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வந்தது. ஒரு மாதம் கழித்து நேர்காணல் முடிந்து ஒரே பெயர் வந்தது. என் தங்கை மகள்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது புது நிர்வாகி உள்போனில் கூப்பிட்டார்.

“மேடம், சான்றிதழ்ல போட அம்மாவோட பிறந்த தேதி வேணும். ரெண்டு பேப்பர்ல ரெண்டு மாதிரி இருக்கு. அவங்க கேஸ் ஃபைல்ல பார்த்துச் சொல்றீங்களா?”

இறந்தவர்களின் ஃபைல்கள் எங்களிடம் தனி வரிசை. கடைசிச் சுவரையொட்டி இருக்கும். அங்கே யாரும் வருவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஏணியைப் போட்டு ஏறி அவருடைய ஃபைலை எடுத்தேன். பருமனான ஃபைல். முதல் பக்கத்தில் தேதி இருந்தது. குறித்துக்கொண்டு மூடியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, கொஞ்சம் புரட்டினேன். இதயத் துடிப்பு வரைபடத்துக்கும் இறப்புச் சுருக்கத்துக்கும் நடுவில் வேறு நிறத்தில் ஒரு தாள் இருந்தது.

நினைவு உதவித்தொகை விண்ணப்பம்.

மேலே அச்சில், ‘மறைந்த’ என்று போட்டு அம்மாவின் முழுப் பெயர். கீழே விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஐந்தாம் மாடி ஆயம்மாவின் பெயர். மூலையில் சிவப்பு மையில் ரெக்கார்டு ரூமின் தேதி முத்திரை. முத்திரையின் மேல் என் சுருக்கொப்பம்.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விண்ணப்பப் பெட்டி நிர்வாகியின் அறை வாசலில் இருந்தது. ஆனால் வார்டில் பேப்பர் எதுவானாலும் தள்ளுவண்டியில்தான் போட வேண்டும் என்று ஆயம்மாக்களை விரட்டி விரட்டிப் பழக்கியவள் நான். அவளும் நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். ஒற்றைத் தாளாக அது என் கைக்கு வந்திருக்கிறது. பெயரைப் பார்த்திருக்கிறேன், ஸ்விட்ச் அம்மாவின் பெயர். மனசு கனத்து, மறுபடி பார்க்கப் பிடிக்காமல், அவசரமாக அவர் ஃபைலிலேயே கோத்துவிட்டிருக்கிறேன். முத்திரைத் தேதி விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முந்தையது. பெட்டியில் போட்டவர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் குழுவுக்குப் போக, இவளுடையது மட்டும் நேராக மேலிடத்துக்கே போயிருக்கிறது!

விதியை மீறி அன்று படித்தேன். கேள்விக்குக் கீழே ஒன்பதே வரி. அதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு மேலே, கேட்கும் படிப்பு: எங்கள் நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ. வயது: முப்பத்து நாலு. அந்தப் படிப்புக்கு முப்பத்தைந்து நிரம்பிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். பிறந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். இன்னும் மூன்று மாதம். சேர்க்கை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த வருடம் என்பது அவளுக்குக் கிடையாது.

முப்பத்து நாலு வயதில் ஊருக்கெல்லாம் ஆயம்மா! எனக்கும் அவளை அப்படித்தான் தெரியும். ஒல்லியாக இருப்பாள், வேகமாக நடப்பாள், வண்டியில் பேப்பரை ஒழுங்காக அடுக்கி அனுப்புவாள். அவ்வளவுதான் தெரியும்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஃபைலை மூடினேன், அடுக்கில் செருகினேன், ஏணியை மடக்கினேன். பிறந்த தேதியை மட்டும் உள்போனில் சொன்னேன். இறந்தவர் ஃபைலை யார் திறக்கப் போகிறார்கள்? இன்னும் ஏழு மாதத்தில் நான் ஓய்வு பெறுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாலு லட்சம் ஃபைலுக்கு நடுவில் ஒரு தாளைத் தாராளமாக மறைக்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தங்கை தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மகள் மேடையில் போட்டுக்கொள்ள நீல நிறத்தில் ஒரு சுடிதார்.

“அக்கா, கழுத்து சரியா இருக்கா பாரு. போட்டோ எடுப்பாங்கல்ல, தொளதொளன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இருக்கு.”

“பார்க்காமலே சொல்ற! என்ன ஆச்சு உனக்கு? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?”

“தலைவலி.”

உள்ளே கண்ணாடி முன் நின்று அந்தப் பெண் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். “ஒழுங்கு என்பது விதியல்ல, அக்கறை என்று அம்மா அவர்கள் எனக்குக் கற்பித்தார்கள்...” நான் எழுதியதுதான். கேட்கக் கேட்க உடம்பு கூசியது. தங்கை அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். அவள் முணுமுணுத்து நான் கேட்டே வருடக்கணக்காகிறது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? சொல்லக் கூடாது என்று சாப்பிடும்போது முடிவு செய்தேன். பாத்திரம் கழுவும்போது சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். படுக்கும்வரை இப்படியே ஏழெட்டு முடிவு.

காலையில் காப்பி குடித்ததும் சொல்லிவிட்டேன். ஆபீஸில் சொல்வதற்கு முன்னால் இவர்களிடம் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

தங்கை முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“சரி, தாள் கிடைச்சுது. அதுக்கு?”

“அதுக்குன்னா? குடுத்துத்தான் ஆகணும்.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“அக்கா, நீ தப்புப் பண்ணினே, என் பொண்ணு பண்ணலை. உன் தப்புக்கு அவ ஏன் தண்டம் கட்டணும்? கூடப் பிறந்தவளா நீ? யாரோ ஒருத்திக்காக வீட்டுப் பிள்ளை வாயில இருக்கிறதைப் பிடுங்குவியா?”

“பிடுங்கினது அவகிட்ட இருந்துடி. நம்ம பொண்ணுகிட்ட இருக்கிறதே அவளோடதா இருக்கலாம்.”

“இருக்கலாம்! இருக்கலாம்தானே? அவளுக்குத்தான் கிடைச்சிருக்கும்னு உனக்கு யார் சொன்னது?”

அவள் எழுதியதைப் படித்தேன் என்று சொன்னேன். தங்கை என்னை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் சமையலறைக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. அதற்குக் கதவு இருப்பதே அன்றுதான் ஞாபகம் வந்தது.

பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

“பெரியம்மா, எனக்கு அந்தப் படிப்பு வேணும்.”

“தெரியும் கண்ணு.”

“நிஜமாவே வேணும். சும்மா சொல்லலை.”

“தெரியும்டா.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆனா அந்தப் பேச்சை நினைச்சாலே பத்து நாளா பயமா இருக்கு. நான் பார்க்காத ஆளைப் பத்தி எப்படி அத்தனை பேர் முன்னாடி... நேர்காணல்லயே ‘அவங்க எப்படிப் பேசுவாங்க’ன்னு பெரிய டாக்டர் கேட்டார். ரொம்ப அன்பாப் பேசுவாங்கன்னு சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.”

ஸ்விட்ச் அம்மாவாவது, அன்பாகப் பேசுவதாவது! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் மறுபடி அழுதாள். நான் என்ன சமாதானம் சொல்வது? எழுதிக் கொடுத்தவளும் நான், பறிக்கிறவளும் நான். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

புது நிர்வாகி கெட்டவர் இல்லை. நாற்பதுக்குள் வயது, மேஜையில் இரண்டு போன், ‘மேடம்’ போடாமல் பேச மாட்டார். ஃபைலோடு போய், விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு எல்லோருக்கும் கதவு சாத்துகிற நாள் போலிருக்கிறது.

“மேடம், அழைப்பிதழ் அடிச்சாச்சு. சான்றிதழ் பேர் எழுதியாச்சு. அதுவும் உங்க வீட்டுப் பொண்ணு. இதை ஏன் தோண்டுறீங்க? நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அந்த ஆயம்மாவை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும்.”

“சட்டம் அப்படி இருந்தா நாம என்ன பண்ண முடியும்?”

“இந்த வருஷம் பண்ண முடியுமே!”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கையை அமர்த்திக் காட்டினார்.

“கோபப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை நான் குழுவுக்கு எடுத்துட்டுப் போகணும்னா, கடைசித் தேதிக்கு முன்னாடி வந்ததுக்கு ஆதாரம் வேணும். இருக்கிற ஆதாரம் உங்க முத்திரை ஒண்ணுதான். அப்ப, நான்தான் தப்பா வெச்சேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அது உங்க சர்வீஸ் புக்ல போகும். முப்பத்தொரு வருஷத்துல ஒரு கறுப்புப் புள்ளி இல்ல உங்களுக்கு. ஏழு மாசம்தான் பாக்கி.”

“தாள் குடுங்க.”

“மேடம்...”

“தாள் குடுங்கன்னேன். இல்ல, உங்க மேஜை மேலயே எழுதவா?”

கொடுத்தார். எழுதினேன். ‘மேற்படி விண்ணப்பம் உரிய காலத்தில் என் கைக்கு வந்தது. நான் அதைப் படிக்காமல் தவறான ஃபைலில் கோத்துவிட்டேன்.’ இரண்டு வாக்கியம்தான். இரண்டாவதை எழுதும்போது வெட்கமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான்தான் இந்தக் கட்டடத்திலேயே ஒழுங்கானவள் என்று நினைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் நடந்திருக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரில் எவள் சறுக்கினாலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘என் தங்கை மகளின் விண்ணப்பத்தில் உள்ள பதிலை எழுதியது நான்.’

படித்துவிட்டு அவர் போனை எடுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

பெரிய டாக்டர் எங்கள் தலைமை மருத்துவர். ஸ்விட்ச் அம்மாவுக்குக் கடைசியில் வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். வந்தார், நின்றபடியே என் கடிதத்தைப் படித்தார்.

“மூணாவது வரி எனக்குத் தெரியும். பதினெட்டு வயசுப் பொண்ணு நாலு பக்கத்துல பதினோரு தடவை ‘ஒழுங்கு’ன்னு எழுதுமா? உங்க குரல் அப்படியே கேட்டுச்சு.”

“அப்ப ஏன் டாக்டர் தேர்ந்தெடுத்தீங்க?”

“வந்த ஆறுல அம்மாவைப் பத்தி அது ஒண்ணுதான் உண்மையா இருந்துச்சு.”

அப்புறம் விண்ணப்பத்தை எடுத்துச் சத்தமாகவே படித்தார். ஆயம்மா எழுதியிருந்தது இதுதான்:

‘அம்மா அஞ்சாம் மாடியில் பத்தொன்பது நாள் இருந்தாங்க. படுக்கைப் புண் வராமல் இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். நான் திருப்பினேன். எத்தனை தடவை திருப்பினேன்னு எழுதி வைக்கச் சொன்னாங்க. ஆயாங்க எழுதுறதுக்குத் தாள் கிடையாதுன்னு சொன்னேன். மறுநாளே படுத்துக்கிட்டே சொல்லித் தாள் அடிக்க வெச்சாங்க. இப்ப எங்க மாடியில் எல்லாப் படுக்கைக்கும் அந்தத் தாள் உண்டு. செஞ்ச வேலைக்குக் கையெழுத்துப் போடணும்னு அவங்ககிட்ட கத்துக்கிட்டேன். ஏன் திருப்பணும்னும் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.’

அந்தத் தாள்கள் எனக்குத் தெரியும். ஐந்தாம் மாடியிலிருந்து கட்டுக் கட்டாக வரும். ‘வெட்டிப் பேப்பர், ஃபைல் வீங்குது’ என்று மேட்ரனிடம் இரண்டு தடவை புகார் எழுதியிருக்கிறேன்.

“ஃபைல் கொண்டுவந்தீங்களா?” என்று கேட்டார் பெரிய டாக்டர். நீட்டினேன். அவர் பின்பக்கமாகப் புரட்டி அந்தத் தாள்களைக் கண்டுபிடித்தார். நாளுக்கு ஒரு தாள். பகல் கட்டங்கள் ஆறிலும் ஒரே கையெழுத்து. ஒரு நாள்கூட விடவில்லை. வாரவிடுமுறை நாளிலும் வந்திருக்கிறாள்.

“கடைசி வரைக்கும் அவங்களுக்குப் புண் வரலை” என்றார் அவர். “நான் என் மருந்துன்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. புது நிர்வாகி தொண்டையைச் செருமிக்கொண்டு, “சான்றிதழ் வேற அடிக்கச் சொல்லிடறேன் டாக்டர்” என்றார். நல்ல மனுஷன்தான். கொஞ்சம் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

“குழுகிட்ட நான் பேசிக்கிறேன். உங்க பொண்ணு அடுத்த வருஷம் போடட்டும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பெரிய டாக்டர். “அவளே எழுதட்டும்.”

தலையாட்டினேன். அடுத்த வருடம் என்ற வார்த்தை எனக்கு லேசாக இல்லை. வீட்டில் ஒருத்தி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இதை எந்த வாயால் சொல்வது? அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு நீண்டுகொண்டே போனது.

ஆயம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். லிஃப்டில் போகாமல் படியேறினேன். ஐந்து மாடி. மூட்டுவலிக்காரிக்கு இது தேவைதானா என்றால், அன்றைக்குத் தேவைதான்.

பெட்பேன் கழுவும் சின்ன அறையில் இருந்தாள். முழங்கைவரை ரப்பர் உறை. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

“என்னக்கா, வண்டியில எதுவும் மாறிப் போச்சா?”

“மாறினது என்கிட்டதான்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். கடிதம் எழுதிக் கொடுத்ததை, பெரிய டாக்டர் முடிவு செய்ததை, இந்த மாதக் கடைசிக்குள் பள்ளியில் சேர வேண்டியதை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் சந்தோஷப்படுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். பாருங்கள், அப்போதும் எனக்கு அந்த நினைப்புத்தான்!

அவள் குழாயை மூடினாள். உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“அப்ப யாருமே அதைப் படிக்கலையாக்கா?”

“இல்ல. இன்னைக்குத்தான் படிச்சாங்க.”

“படிச்சுட்டுத் தள்ளலையா?”

“யார் கண்ணுலயும் படவே இல்லம்மா.”

சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் சிவந்துவிட்டது. “பட்டியல்ல என் பேர் இல்லைன்னதும், பெரிய டாக்டர் படிச்சுட்டுச் சிரிச்சிருப்பார்னு நினைச்சேன்க்கா. ஆயாவுக்கு ஆசையைப் பாருன்னு. ஒன்றரை மாசமா அவர் ரவுண்ட்ஸ் வந்தா நான் துணி அறைக்குள்ள போய் நின்னுக்குறேன், அவர் கண்ணுல படக் கூடாதுன்னு. வேலை நேரத்துல ஒளியுறேன்னு சிஸ்டர்கிட்ட ரெண்டு தடவை திட்டு வாங்கிட்டேன். எல்லாம் நீங்க படிக்காம வெச்சதுக்காக்கா?”

அவள் தனக்குள் சுருங்கிச் சுருங்கி ஓர் அலமாரி அளவுக்கு ஆகியிருக்கிறாள், அதுவும் என் முத்திரையால்.

“மன்னிச்சுக்கோம்மா” என்றேன். யாரிடமாவது அதை நான் சொன்னதாக ஞாபகமே இல்லை.

அவள் கழற்றிய உறைகளை உதறிக் கொடியில் போட்டாள். “ஏற்கெனவே யார் பேரோ வந்திருந்துச்சே, அந்தப் பிள்ளை?” என்று கேட்டாள்.

“என் தங்கச்சி பொண்ணு.”

சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அழுதாளா?”

“அழுதா.”

“எத்தனை வயசு?”

“பதினெட்டு.”

“பதினெட்டா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குப் பதினெட்டுல யாரும் இல்லக்கா, வாங்கிக் குடுக்கவும் பறிக்கவும்.” அதைக் கோபத்தில் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே நடைவழியில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. பத்து மணி ரவுண்ட்ஸ். பெரிய டாக்டரும் பின்னால் நாலைந்து பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ஆயம்மாவின் கால்கள் தாமாகவே துணி அறைப் பக்கம் திரும்பின. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

“நில்லு.”

“அக்கா, விடுங்க...”

“நில்லுடி சொல்றேன். இனிமே ஒளியறதுன்னா நான்தான் ஒளியணும்.”

நின்றாள். பெரிய டாக்டர் எங்களைக் கடந்து போய்விட்டு, இரண்டடி பின்னால் வந்தார். கூட வந்தவர்களும் நின்றார்கள். அவர் அவளைப் பார்த்துக் கேட்டார்:

“சொன்னாங்களா? படிக்க வர்றீங்கதானே?”

முதல் தடவை குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது தடவை, “வர்றேன் டாக்டர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் நாலாம் படுக்கைப் பெரியவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்துகொண்டார். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்து அதட்டினாள். ஆயம்மா கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டு, பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஓடினாள்.